நச்சு ஆய்வே இல்லாத ரசாயனத்துக்கு "இவ்வளவு வரை பாதுகாப்பு" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? சும்மா அடித்து விடுகிறார்களா?

சும்மா அடித்து விடுவதில்லை. ஆனால் அந்த ரசாயனத்தையே ஆராய்ந்து சொல்வதும் இல்லை. நான் மண்டபம் பக்கம் நண்டும் கணவாயும் பதப்படுத்தி அனுப்புகிற ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். உள்ளே சுற்றுகிற பிளாஸ்டிக் உறை, அதன் மேல் மை, ஒட்டுப் பசை என்று ஒவ்வொன்றிலும் ஏதேதோ கலந்திருக்கும், அதில் பலவற்றுக்கு எலிச் சோதனை முடிவு என்று எதுவுமே கிடைக்காது, அதனால் இந்தக் கேள்வி எனக்குத் தினசரிப் பிழைப்பு.

ஆய்வு இருந்தால் வழி சுலபம். எந்த அளவு வரை கொடுத்தும் எலிக்குக் கெடுதல் தெரியவில்லையோ அதை 100ஆல் வகுப்பார்கள். எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு 10, மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்துக்கு இன்னொரு 10. 1950களில் அமெரிக்க உணவு மருந்துத் துறையில் இருந்தவர்கள் ஆரம்பித்து வைத்த கணக்கு இது. ஆய்வு அரைகுறையாக இருந்தால், அதாவது 90 நாள் சோதனை மட்டும்தான் இருக்கிறது, கருவில் என்ன செய்யும் என்று பார்க்கவில்லை என்றால், மேலும் 3, 10 என்று வகுத்துக்கொண்டே போவார்கள். மொத்த வகுஎண் 3000ஐத் தாண்டினால் அந்த எண்ணை நம்ப வேண்டாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையே விட்டுவிடும்.

ஒன்றுமே இல்லை என்றால்தான் டிடிசி (TTC) முறை, அதாவது இந்த அளவுக்குக் கீழே கவலைப்பட வேண்டாம் என்று மூலக்கூறின் அமைப்பை வைத்துப் போடும் பொது வரம்பு. பொண்ணைப் பற்றித் தெரியாவிட்டால் குடும்பத்தை விசாரிப்பார்களே, அந்த மாதிரிதான். 1978இல் கிரேமர் என்பவரும் கூட இருந்தவர்களும் 33 கேள்விகள் போட்டு, மூலக்கூறின் அமைப்பை மட்டும் பார்த்து ரசாயனங்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். 1996இல் மன்ரோ குழு ஏற்கெனவே ஆய்வு நடந்த 613 பொருட்களை இந்த வகுப்புகளில் போட்டுப் பார்த்தது. ஒவ்வொரு வகுப்பிலும் கெடுதல் காணாத அளவுகளை வரிசையாக அடுக்கி, மோசமான பக்கத்திலிருந்து நூற்றுக்கு ஐந்தாவது இடத்தில் நிற்கும் எண்ணை எடுத்து, அதையும் 100ஆல் வகுத்தார்கள். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு முதல் வகுப்புக்கு 1800, இரண்டாவதுக்கு 540, மூன்றாவதுக்கு 90 மைக்ரோகிராம் என்று வந்தது. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து வகைக்குத் தனியாக 18. மரபணுவைக் கெடுக்கும் சாயல் அமைப்பில் தெரிந்தால் 0.15தான்.

எல்லாவற்றுக்கும் இது செல்லாது. பாதரசம், காட்மியம் மாதிரி உலோகங்கள், டையாக்சின், நைட்ரோசமைன், அஃப்ளாடாக்சின் ஜாதி எல்லாம் வெளியே. கணவாயில் காட்மியம் வந்தால் அதற்கென்று போட்ட வரம்பைத்தான் பார்க்க வேண்டும், டிடிசியைக் காட்டித் தப்பிக்க முடியாது.

சரி, எண் கிடைத்துவிட்டது. என் சண்டை இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் அந்த எண்ணோடு ஒப்பிட வேண்டியது சாப்பிடுகிற அளவை. பேச்சுக்கு, உறையிலிருந்து மூன்றாம் வகுப்புப் பொருள் ஒன்று கிலோ மீனுக்கு 200 மைக்ரோகிராம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது 100 கிராம் சாப்பிடுகிறவருக்கு 20தான், 90க்கு வெகு கீழே. பாம்பனிலோ பெரியபட்டினத்திலோ காலையில் மீன் குழம்பு, மதியம் ஆணம், ராத்திரி பொரியல் என்று அரைக் கிலோ போகிற வீட்டில் அதுவே 100. அந்த வீட்டில் 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு வரம்பு எடைக்கேற்பச் சுருங்கி 22.5 ஆகிவிடும், அது 150 கிராம் சாப்பிட்டாலே 30. ஐரோப்பாக்காரர்கள் பரவாயில்லை, 60 கிலோ ஆள் உறையில் வந்த உணவை நாளுக்கு ஒரு கிலோ தின்பதாக வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நம் ஊரில் நாட்டுச் சராசரியை எடுத்து வைத்து "பாதுகாப்பு" என்று எழுதினால், மீனே தொடாதவர்களையும் சேர்த்து வகுத்த சராசரி அது.

உறையைச் சோதிக்கும் விதமும் அப்படித்தான். உறைந்த சரக்குக்கான உறை என்றால் 20 டிகிரியில் 10 நாள் வைத்து எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். குளிர் அறையில் கிடக்கும் வரை அது சரி. இங்கே கழித்துப் போட்ட உறையைக் கரையில் மீன் காயவைக்கிற வாடிக்காரர்கள் எடுத்துப் போய் சூடைக் கருவாடு கட்டி சித்திரை வெயிலில் வைக்கிறார்கள், எண்ணெய் கசிகிற மீன் வேறு. அந்தச் சோதனைத் தாளுக்கும் இந்தக் கருவாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சொன்னால் "இவ்வளவு நாள் தின்னோமே, என்ன ஆச்சு" என்பார்கள். கழிவு உறையை வெட்டிப் போட்டு அனுப்பச் சொல்லி நான் ஏற்பாடு செய்தது அதனால்தான்.

ஆக, வரம்புக்குள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எந்த வகுப்பு, எத்தனை கிலோ ஆளுக்கு, எவ்வளவு மீனுக்கு, எத்தனை டிகிரியில் என்று நாலையும் கேளுங்கள். உறை விற்க வருகிறவர் "உணவுத் தரம்" என்று முத்திரை குத்திய ஒற்றைத் தாளோடு வந்தால் நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.