முன் டிக்கி சிக்கிக்கொண்டதா? நெம்ப வேண்டாம்

வணக்கம். டெஸ்லா மாடல் 3 காரில் திரையைத் தொட்டால் 'டக்' என்று சத்தம் வருகிறது, முன் டிக்கி (காரின் முன்பக்கம் சாமான் வைக்கும் இடம்) மூடி மட்டும் எழும்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சத்தம் வருவதே நல்ல அறிகுறி. பூட்டுக்கு மின்சாரம் போகிறது. கொக்கிதான் இறுக்கத்தில் மாட்டியிருக்கும்.

தயவுசெய்து ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். மூடி அலுமினியத் தகடு, நெளிந்தால் நேராக்குவது பெரும்பாடு. வீட்டில் ஒருவரைத் திரைக்கு முன்னால் உட்கார வையுங்கள். நீங்கள் மூடியின் முன் விளிம்பை ஒட்டி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்து அழுத்துங்கள். அழுத்தம் குறையாமல் இருக்கும்போதே அவர் பொத்தானைத் தொடட்டும். எனக்கு மூன்றாவது முறையில் திறந்தது. பையின் வார் ஒன்று கொக்கியில் சுற்றி, எண்ணெய்க் கறையோடு நசுங்கிக் கிடந்தது. பாவம், மகளின் நீச்சல் பை.

சத்தமும் இல்லை, திரையும் இருட்டு என்றால் திரைக்கும் பூட்டுக்கும் மின்சாரம் தரும் சின்ன பேட்டரி இறங்கியிருக்கும். அப்போது முன் பம்பரில் இழுவைக் கொக்கிக்கான சின்ன மூடியைக் கழற்றுங்கள். உள்ளே சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இருக்கும். அவற்றுக்கு வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் பூட்டு விடும்.

திறந்ததும் கொக்கியைத் துடைத்துவிடுங்கள். அப்புறம், மூடும்போது ஓங்கி அறையாமல் இரண்டு கையாலும் அழுத்தி மூடுங்கள்.