அப்பத்தாவின் மாத்திரைகளும் அம்மிணியின் படிப்பும்

வணக்கம் அண்ணா,

சனிக்கிழமை நீங்களும் அம்மிணியும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்துபோன பிறகு, அவள் கொண்டுவந்த நோட்டுதான் கண்ணிலேயே நிற்கிறது. அப்பத்தா சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் அட்டையின் பின்பக்கம் பார்த்து எழுதி, எதற்கு என்று தமிழில் குறித்து, அப்பத்தா இவளை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்ட நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தாள். "நீட் போச்சு, பி.ஃபார்ம் படிச்சு மெடிக்கல் ஷாப்பில் நிக்கவா?" என்று அவளுடைய மருந்தியல் பட்டப்படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த நோட்டைப் பார்த்த பிறகு சொல்கிறேன், தைரியமாக பி.ஃபார்மில் சேருங்கள்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் கொடுக்கிற மருந்தே மூளையையும் காக்குமா என்று அவள் கேட்டது சின்னப்பிள்ளைக் கேள்வி இல்லை. ஒரு நோய்க்கான பழைய மருந்தை வேறு நோய்க்குச் சோதிக்கும்போது, அதன் பக்கவிளைவுகள் பெரும்பாலும் தெரிந்தவை என்பதால் ஆராய்ச்சியில் பல வருடம் மிச்சமாகும். அவள் நோட்டில் மூன்றாவதாக இருந்த மெமான்டினையே பாருங்கள். 1968இல் சர்க்கரை நோய்க்கென்று உருவாக்கினார்கள்; சர்க்கரை குறையவில்லை. மூளையில் அதன் வேலை பிறகுதான் தெரிந்தது. 2002இல் ஐரோப்பாவில் அல்சைமர் என்ற மறதி நோய்க்கு அனுமதி கிடைத்தது. அதுவும் நோயை நிறுத்தாது, அறிகுறியைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் செமாகுளூட்டைட். இந்தச் சர்க்கரை மருந்தை எடுப்பவர்களுக்கு மறதி நோய் குறைவாக வருவதுபோல் மருத்துவப் பதிவுகளில் தெரிந்தது. ஆரம்ப நிலை அல்சைமர் உள்ள 3,808 பேரிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். நோயின் வேகம் குறையவில்லை என்று 2025 நவம்பரில் முடிவு வந்தது. பதிவுகளை மட்டும் நம்பினால் ஏமாற இடமுண்டு. ஒழுங்காக மருந்து வாங்கிச் சாப்பிடுகிறவர் நடை, சாப்பாடு, செக்கப் எல்லாவற்றிலுமே கவனமாக இருப்பாரே!

இதை அழகாகத் தாண்டியது வேல்ஸ் நாட்டு ஆய்வு. அங்கே 2013இல் அக்கி தடுப்பூசி தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்குத்தான் தகுதி. ஒரு வாரம் முன்னே பின்னே பிறந்தவர்களுக்குள் வேறென்ன வித்தியாசம் இருக்கப்போகிறது? ஏழு வருடத்தில், ஊசி போட்டவர்களிடம் மறதி நோய் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. மருந்தை எவ்வளவு தெரிந்திருந்தாலும், இப்படி ஒப்பிடத் தெரியாவிட்டால் இந்தத் துறையில் நிற்க முடியாது. அதனால்தான் புள்ளியியலை விடவே கூடாது என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

உங்கள் கேரளத்தில் பி.ஃபார்ம் சேர்க்கை கீம் என்ற மாநில நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது, படிப்பு நான்கு வருடம். கல்லூரிக்கு இந்திய மருந்தியல் கவுன்சில் அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைசி வருடம், மேல்படிப்பான எம்.ஃபார்முக்கான ஜிபேட் நுழைவுத் தேர்வை எழுதட்டும். எம்.ஃபார்மில் பார்மகாலஜி, அதாவது மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்ற பாடம், எடுக்கலாம். கணக்கு பிடித்துப்போனால் வேலூர் சிஎம்சியில் உயிரிப்புள்ளியியல் துறை இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். ஆறு வருட ஃபார்ம்.டி நோயாளி பக்கத்தில் இருந்து வேலை செய்ய ஏற்றது; ஆய்வுதான் ஆசை என்றால் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இடையில், எதையாவது படித்துவிட்டு அப்பத்தாவின் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கேள்வி இருந்தால் நோட்டோடு டாக்டரிடம் போகட்டும்.

தமிழ் மீடியம், பிளஸ் டூவில் கணக்கும் இல்லை என்று அவள் கண் கலங்கினாள். அவளைப் போன்றவர்களுக்கென்றே பி.ஃபார்ம் முதல் செமஸ்டரில் அடிப்படைக் கணக்குப் பாடம் உண்டு. லீவிலேயே தொடங்கிவிட்டால் நல்லது. ஞாயிறு காலை பத்து மணிக்கு அனுப்புங்கள், நானே சொல்லித் தருகிறேன்.