85 தாண்டிய அப்பாவுக்குத் தபால் வாக்கு வாங்கலாமா? ஓர் ஆசிரியையின் பதில்

அப்பாவுக்கு 86 வயது, வீட்டிலிருந்தே தபால் வாக்கு போட வைக்கலாமா, அதில் நன்மை தீமை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடுங்கள். கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி இறக்க முடியும் என்றால் பூத்துக்கே கூட்டிப் போங்கள். இப்படிப் பிரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. தபால் வாக்கில் ஓட்டைப் பறிகொடுத்தவள் நான்.

முதலில் உங்கள் விஷயம். 2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் 80 வயது தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே வாக்கு என்று கொண்டு வந்தார்கள், 2024 மக்களவைத் தேர்தலிலிருந்து அது 85 ஆகிவிட்டது. 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்று இருந்தால் வயது பார்ப்பதில்லை. தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள், வீட்டு வாக்கு கேட்கும் விண்ணப்பமான 12டி படிவம் கொடுக்க வேண்டும். பி.எல்.ஓ., அதாவது உங்கள் பூத்தின் வாக்காளர் பட்டியலைக் கவனிக்கும் அலுவலர், வீட்டுக்கே கொண்டு வருவார், வராவிட்டால் நீங்கள் போய்க் கேளுங்கள். ஒருமுறை அதில் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டுவிட்டால் வாக்காளர் பட்டியலில் அப்பா பெயருக்கு நேராகத் தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் வாக்குப்பதிவு அன்று உடம்பு தேறி நானே பூத்துக்கு வருகிறேன் என்று அவர் கிளம்பினாலும் விட மாட்டார்கள். இதைப் பலரும் சொல்வதில்லை.

2024ல் என் மாமியாருக்கு இப்படித்தான் வாங்கினோம். தேதி சொல்லிவிட்டு வந்தார்கள். இரண்டு அலுவலர், நடப்பதைக் கண்காணிக்க ஒரு நுண் பார்வையாளர், போலீஸ்காரர் ஒருவர், கேமராவோடு ஒரு பையன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அட்டையை மடித்து மறைப்பு வைத்தார்கள். அத்தை சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு "பட்டன் எங்கேம்மா?" என்றார். இத்தனை வருஷமாக பீப் சத்தம் கேட்டுப் பழகியவருக்குப் பேனாவால் டிக் போடு என்றால் நம்பிக்கை வரவில்லை. நான் கிட்டே போனதும் அந்த அலுவலர், "டீச்சர், நீங்க தள்ளி நில்லுங்க" என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. ஏனென்றால் வீட்டு வாக்கின் பெரிய தீமையே அதுதான். பூத்தில் அந்த அட்டை மறைப்புக்குள் மகனும் இல்லை, மருமகளும் இல்லை. வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். பார்வை இல்லாதவருக்கும் கை வராதவருக்கும் துணைக்கு ஒருவர் உதவலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் கை நன்றாக இருக்கிற கிழவிக்கு மகனே டிக் போட்டுக் கொடுத்த வீடுகளையும் எனக்குத் தெரியும். உங்கள் வீடு அப்படி என்று சொல்லவில்லை, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது கவர் சமாச்சாரம். டிக் போட்ட சீட்டு சின்னக் கவருக்குள் போக வேண்டும். 13ஏ என்கிற உறுதிமொழித் தாள் தனி. அதில் வாக்குச்சீட்டின் வரிசை எண், வாக்காளர் கையெழுத்து, அதிகாரியின் சான்றொப்பம் மூன்றும் இருக்க வேண்டும். அந்தத் தாளையும் சின்னக் கவரையும் சேர்த்துப் பெரிய கவருக்குள் போட்டு ஒட்ட வேண்டும். எண்ணும்போது முதலில் பார்ப்பது இந்த 13ஏவைத்தான். அது இல்லை, கையெழுத்து இல்லை, எண் ஒத்துப்போகவில்லை என்றால் சின்னக் கவரைப் பிரிக்காமலே தள்ளுபடி. உள்ளே யாருக்குப் போட்டீர்கள் என்றே யாரும் பார்க்க மாட்டார்கள். வாக்குச்சீட்டிலேயே பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. வீட்டுக்கு வரும் குழுவே சான்றொப்பம் போட்டுவிடும், ஆனாலும் கவரை ஒட்டுவதற்கு முன்னால் அந்தத் தாளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இப்போது என் கதை. 2016 சட்டமன்றத் தேர்தல். தேர்தல் பணிக்குப் போகிற ஆசிரியர்களுக்கு மக்களவைத் தேர்தலில் பெரிய சிக்கல் வராது, பணி அதே மக்களவைத் தொகுதிக்குள் கிடைத்தால் பணிச் சான்று என்று ஒன்று தருவார்கள், அதைக் காட்டிப் பணியிடத்து பூத்திலேயே இயந்திரத்தில் போட்டுவிடலாம். சட்டமன்றத் தேர்தலில் சொந்தத் தொகுதியில் பணி போட மாட்டார்கள், அதனால் தபால் வாக்குதான் கதி. முதல் பயிற்சி வகுப்பிலேயே தபால் வாக்கு கேட்கும் 12ஆம் படிவத்தை நிரப்பி, அடையாள அட்டை நகலை வைத்து, பணி ஆணை நகலையும் சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த வகுப்பில் சீட்டு வந்திருக்கிறதா என்று கேட்டால் பட்டியலில் என் பெயர் இல்லை, "தபால்ல வரும் டீச்சர்" என்றார்கள். மே 16 வாக்குப்பதிவு, மே 19 எண்ணிக்கை. 19ஆம் தேதி காலை 8 மணிக்குள் போய்ச் சேராத கவர் கணக்கில் வராது. எனக்குச் சீட்டு வந்தது எண்ணிக்கை முடிந்த மறுநாள். தபால்காரர் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் எல்லோரும் ஓட்டுப் போட ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவளுக்கு ஓட்டு இல்லை. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை, ஆனால் மனு கொடுத்தும் இன்றுவரை பதில் இல்லை.

ஒரு ஓட்டுக்கு இவ்வளவா என்பவர்கள் அதே தேர்தலில் ராதாபுரம் தொகுதியைப் பாருங்கள். அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை ஜெயித்தது 49 வாக்கில். தள்ளுபடி செய்த தபால் வாக்கு 203. காரணம், ஆசிரியர்களின் உறுதிமொழியில் சான்றொப்பம் போட்ட தலைமையாசிரியர் கெசட்டட் அதிகாரி இல்லையாம். 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த 203ஐயும் கடைசி மூன்று சுற்று இயந்திர வாக்குகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021ல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துவிட்டது. நான் எந்தக் கட்சிக்காரியும் இல்லை, யார் ஜெயித்திருந்தால் நல்லது என்று பேசவும் இல்லை. அந்த 203 பேர் டிக் போட்டதில் பிழை என்று தள்ளவில்லை, கையெழுத்துப் போட்ட இன்னொருவரின் பதவியைக் காட்டி அவர்கள் ஓட்டை ஓரமாக வைத்தார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, இப்போது மாற்றியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2023ல் விதியைத் திருத்தி, பணியில் இருப்பவர்கள் பயிற்சி நடக்கிற இடத்திலுள்ள வாக்காளர் உதவி மையத்திலேயே போட்டுவிட வேண்டும், சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று ஆக்கினார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு போய்க் காசுக்கு விற்கிறார்கள் என்கிற பேச்சுக்கு அதனால் இடம் குறைந்தது, அங்கேயே சான்றொப்பமும் கிடைத்துவிடுகிறது. ஆனால் ஓட்டு தள்ளுபடி ஆனதா இல்லையா என்று போட்டவருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு இன்னும் இல்லை. அமெரிக்காவில் ஒரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் எல்லோருக்கும் சீட்டு வீட்டுக்கே வருகிறது, கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் ஆளுக்குச் சொல்லி அனுப்பித் திருத்த அவகாசம் தருகிறார்கள். நம் ஊரில் அந்த ஒன்றைச் செய்தாலே போதும்.

"ஒரு நாள் வேலைக்கு ஆசிரியர்கள் எவ்வளவு புலம்புகிறார்கள்" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். ஒரு நாள் இல்லை ஐயா. முந்தின நாளே போய் இயந்திரம் வாங்கி, ஏதோ ஒரு தொடக்கப்பள்ளி பெஞ்சில் படுத்து எழுந்து, விடிகாலை மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, பெட்டியை ஒப்படைக்கும்போது நள்ளிரவு தாண்டிவிடும். நான் போன பூத் ஒன்றில் குழந்தைகளுக்குக் கட்டின கழிப்பறை மட்டும்தான், அதற்கும் தாழ்ப்பாள் இல்லை, கூட வந்த டீச்சர் வெளியே காவல் நின்றார். பெட்டியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் பஸ் கிடையாது, பெண்கள் எல்லோரும் எண்ணும் மையத்து வாசலிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். தபால் வாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் கேட்க ஆளில்லாத இடத்தில் இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு வருவோம். நீங்கள் வெளிநாட்டில் இருந்தால் உங்களுக்குத் தபால் வாக்கு கிடையாது, நேரில் வந்துதான் போட வேண்டும், அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்பாவின் வயது வாக்காளர் பட்டியலில் 85 ஆகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், பழைய ஆட்களுக்குப் பட்டியலில் வயது குறைத்துப் பதிந்திருப்பது சகஜம். குறைவாக இருந்தால் திருத்தத்துக்கு 8ஆம் படிவம். தேர்தல் தேதி அறிவித்த பிறகு அதற்காக ஓடினால் வேலைக்காகாது.