கேள்வி – பதில்: மண்ணுக்குள் கிடந்த புனிதர் மோதிரங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகனுக்கு மெட்டல் டிடெக்டரில் ஒரு பழைய வெள்ளி மோதிரம் கிடைத்திருக்கிறது. முகப்பு, கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிந்திருக்கிறது. ஒவ்வொரு சரிவிலும் ஒரு ஆள் உருவம். இது என்ன மோதிரம்? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் சொல்லும் அமைப்பைப் பார்த்தால் 14ஆம் நூற்றாண்டின் கடைசிக்கும் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட புனிதர் மோதிரமாக, அதாவது கிறிஸ்தவப் புனிதர்களின் உருவம் வெட்டிய மோதிரமாக இருக்கலாம். பெரும்பாலும் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கிடைக்கிற வகை இது. முகத்தை வைத்துப் புனிதரை அடையாளம் காண முடியாது; கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முள் பதித்த சக்கரம் என்றால் கத்தரீனம்மாள். கோபுரம் என்றால் பார்பரம்மாள். ஆட்டுக்குட்டி ஸ்நாபக அருளப்பருடையது (இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான்). தோளில் குழந்தை, கையில் தடி, காலடியில் தண்ணீர் என்றால் கிறிஸ்தோபர். பயணத்திலும் திடீர்ச் சாவிலிருந்தும் காப்பவர் அவர்தான் என்ற நம்பிக்கை இருந்ததால் அவரை அடிக்கடி பார்க்கலாம்.

வளையத்தின் உட்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலவற்றில் ‘என் பொன் ஆன்’ என்று பிரெஞ்சில் வெட்டியிருக்கும். ‘நல்ல ஆண்டாகட்டும்’ என்று பொருள், புத்தாண்டுப் பரிசு. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டுக் கணக்கு மார்ச் 25இல்தான் மாறியது, ஆனால் பரிசு கொடுத்தது ஜனவரி 1இல். எட்டாம் ஹென்றி காலத்தில் புனிதர் வழிபாட்டுக்கு எதிர்ப்பு எழுந்த பிறகு இந்த மோதிரங்களும் வழக்கொழிந்தன.

கேள்வி: வெள்ளிதானே, விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடுமே? – அதே வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம். விபூதி, புளி, பல்பொடி எதுவும் கூடாது. இந்த வெள்ளி மோதிரங்கள் பலவற்றில் தங்க முலாம் உண்டு. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கி ஏற்றிய முலாம் அது. காகிதத்தைவிடப் பல மடங்கு மெல்லியது. மேடான இடங்களில் ஏற்கெனவே தேய்ந்து, பள்ளத்தில் மட்டுமே மிச்சமிருக்கும். வெட்டுக்கோடுகளில் கறுப்பாகவோ பச்சையாகவோ ஒட்டியிருப்பதை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டினால் பழைய எனாமலும் (உருக்கிப் பதித்த வண்ணக் கண்ணாடிப் பூச்சு) சேர்ந்து போய்விடும். வளைந்திருந்தால் நிமிர்த்தவும் கூடாது. பல நூறு ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும், விரலால் அழுத்தினாலே விரிசல் விடும். ஜிப் பையில் தனியாகப் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைத்தால் போதும். ரப்பர் பேண்டு சுற்றினால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

கேள்வி: குப்பைச் சத்தத்தைத் தவிர்க்க என் மெட்டல் டிடெக்டரில் அலுமினியத்துக்குச் சத்தம் வராதபடி அணைத்துவிட்டேன். ஒரு தங்க மோதிரம்கூடக் கிடைக்கவில்லை. – வாசகர், லண்டன்

பதில்: அணைத்ததுதான் காரணமாக இருக்கும். சிறிய தங்க மோதிரமும் குளிர்பான டின்னின் இழுப்பு வளையமும் கருவியின் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணில்தான் காட்டும். அலுமினியத்தை வேண்டாம் என்றால் தங்கத்தையும் வேண்டாம் என்றதாகிவிடும். வெள்ளி பெரும்பாலும் அதைவிட மேலே காட்டும். முழு வளையத்துக்குள் மின்னோட்டம் சுற்றி வருவதால் சத்தம் தெளிவாக வரும். ஏர்முனை பட்டு வளையம் வெட்டுப்பட்டிருந்தால் சுற்று அறுந்து, சத்தம் மங்கிவிடும். எனவே மங்கிய சத்தத்தையும் தோண்டுங்கள். அறுவடை முடிந்து தாள் கட்டையாக நிற்கும் வயலில், கருவியின் அடியில் இருக்கும் வட்டமான சுருளைத் தரையோடு ஒட்டி, ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூடும்படி மெதுவாக நடக்க வேண்டும்.

உழவு மண்ணுக்குக் கீழே, கலையாத அடுக்கில் பொருள் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அதைத் தொல்லியலாளர்தான் எடுக்க வேண்டும். கிடைத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். இடம் தெரியாத மோதிரம் என் கணக்கில் வெறும் வெள்ளிதான்.

கேள்வி: கிடைத்த மோதிரம் யாருக்குச் சொந்தம்? – வாசகர், மதுரை

பதில்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. 300 ஆண்டுக்கு மேல் பழையது, எடையில் 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ என்றால் புதையல். ஒற்றை மோதிரமானாலும் சரி. 14 நாளுக்குள் கரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். திடீர் மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரிதான்! வட்டாரத் தொல்பொருள் தொடர்பு அலுவலரிடம் கொடுத்தால் அவர் வழியாகவே நடந்துவிடும். அருங்காட்சியகம் வாங்கினால், வழக்கமாகக் கண்டெடுத்தவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. எந்த அருங்காட்சியகமும் கேட்காவிட்டால் திருப்பித் தந்துவிடுவார்கள். ஆனால் நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் இறங்கினாலோ, மறைத்தாலோ தொகை குறையும் அல்லது கிடைக்காமலே போகும். மறைத்ததற்குச் சிறையும் உண்டு.

நம் ஊரில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.