வெஸ்டர்ன் படத்து மஞ்சள் டோன்: மூஞ்சி கெடாம எப்படி கொண்டுவர்றது?

“அண்ணா, ஒரு கவ்பாய் ஷார்ட் ஃபிலிம் எடுத்து முடிச்சிட்டோம், இப்ப வர்ற வெஸ்டர்ன் படங்கள்ல இருக்கற அந்த காஞ்ச மஞ்சள் டோன் வேணும்னு ஒரு லட் (LUT, மொத்த ஃப்ரேமுக்கும் ஒரே அடியா கலர் மாத்தற ரெடிமேட் ஃபைல்) போட்டேன், நிலம் சூப்பரா வருது, ஆனா ஹீரோ மூஞ்சி மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு, வானம் அழுக்குப் பச்சையா போயிடுச்சு, என்ன பண்றது?” இதான் வந்திருக்கற கேள்வி.

தம்பி, மொத்த ஃப்ரேமையும் மஞ்சத்தண்ணியில முக்கி எடுத்துட்டீங்க, அதான் விஷயம். நீல வானத்து மேல மஞ்சள ஏத்தினா அது பச்சைப் பக்கம்தான் போகும், தோல்லயும் இருக்கற சிவப்பு அமுங்கி நோயாளிக்களை வந்துடும்.

இந்த டோன் எங்கருந்து பரவுச்சுன்னு பாத்தாலே பாதி பதில் கிடைச்சிடும். 2000ல வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ வெஸ்டர்ன் இல்லதான், ஆனா காஞ்சுபோன நிலத்த கம்ப்யூட்டர்ல உண்டாக்கின முன்னோடி அதுதான். அந்தப் படத்த எடுத்த கோயன் சகோதரர்களுக்கு பழைய போஸ்ட்கார்ட் மாதிரி புழுதி படிஞ்ச கலர் வேணும், ஷூட் பண்ணதோ மிசிசிப்பியில, கோடைல, எங்க திரும்பினாலும் பச்சைப் பசேல்னு இருக்கு. லேப்ல கெமிக்கல் முறையெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்தும் சரி வரல, அப்புறம்தான் கேமராமேன் ரோஜர் டீக்கின்ஸ் முழுப்படத்தையும் ஸ்கேன் பண்ணி டிஐ (டிஜிட்டல் இன்டர்மீடியட், அதாவது கம்ப்யூட்டர்ல கலர் சரி பண்ற வேலை) பண்ணாரு, அதுல அவரு குறி வெச்சது பச்சையத்தான், பச்சை இலையும் புல்லும் மட்டும் காஞ்ச மஞ்சளாச்சு.

நீங்களும் அதையே பண்ணுங்க. முதல்ல லட்ட தூக்கிடுங்க, வொயிட் பேலன்ஸ (வெள்ளை வெள்ளையாவே தெரியறதுக்கான செட்டிங்) சரி பண்ணி சாதாரணமா வெயில் எப்படி இருக்குமோ அப்படி கொண்டுவாங்க. டாவின்சி ரிசால்வ்ங்கற கலர் பண்ற சாஃப்ட்வேரோட ஃப்ரீ வெர்ஷன்லயே ஹியூ வெர்சஸ் ஹியூ கர்வ் (ஒரு கலர மட்டும் புடிச்சு வேற கலர் பக்கம் தள்ற கருவி) இருக்கு, அதுல பச்சைய மட்டும் புடிச்சு மஞ்சள் பக்கம் தள்ளி, அதோட சாச்சுரேஷன (கலரோட அடர்த்திய) கொஞ்சம் குறைங்க. ரொம்ப அகலமா செலக்ட் பண்ணாதீங்க, மஞ்சளும் தோலோட ஆரஞ்சும் பக்கத்து வீடு, மூஞ்சியும் சேந்து மாட்டிக்கும். வெக்டர்ஸ்கோப்ல (ஃப்ரேம்ல இருக்கற கலர் எந்தப் பக்கம் சாயுதுன்னு காட்டற வட்ட வரைபடம்) தோல் கலர் எங்க விழணும்னு காட்டற ஸ்கின் டோன் லைன் ஆன் பண்ணி வெச்சுக்கங்க, கருப்போ மாநிறமோ சிவப்போ எல்லார் தோலும் அந்தக் கோட்ட ஒட்டித்தான் விழும், ஆள் கருப்பா இருக்காரேன்னு கலர மாத்தத் தேவையே இல்ல, வெளிச்சத்த சரி பண்ணாப் போதும்.

வானத்துல மஞ்சள் ஏத்தவே ஏத்தாதீங்க, நீலத்தோட சாச்சுரேஷன மட்டும் இறக்குங்க. நிழலையும் அப்படியே விடுங்க, இல்ல கொஞ்சூண்டு நீலம் குடுங்க, நிழல் குளிர்ச்சியா இருந்தாத்தான் பக்கத்துல இருக்கற வெயில் சுள்ளுனு தெரியும், எனக்கு இந்த வேலையிலயே ரொம்பப் புடிச்ச இடம் இது. ஆனா ஃபுட்டேஜ் 8 பிட்னா ஒவ்வொரு கலருக்கும் 256 படிதான், 10 பிட்ல 1024, அதனால 8 பிட்ல ரொம்ப இழுத்தா வானம் பட்டை பட்டையா உடையும்.

பேட்ச் ஷூட் (சில ஷாட்ட மட்டும் அப்புறமா எடுத்துச் சேக்கறது) வாய்ப்பு இருந்தா இன்னும் சுலபம். 2021ல வந்த ‘தி பவர் ஆஃப் தி டாக்’ பாருங்க, கதை 1925 மொன்டானாவுல நடக்குது, எடுத்தது நியூசிலாந்துல, அங்க இருந்த காஞ்ச புல்லு மலையே பெரும்பகுதி கலர குடுத்திடுச்சு, கேமராவுமன் ஆரி வெக்னர் ஷூட்டுக்கு ஒரு வருஷம் முன்னாடியே வேலைய ஆரம்பிச்சிட்டாங்க. உங்களுக்கு ஒரு வருஷமெல்லாம் வேண்டாம், உச்சி வெயில விட்டுட்டு காலைலயும் சாயங்காலமும் சூரியன் புல்லுக்குப் பின்னாடி இருக்கற மாதிரி வைங்க, புல்லே தங்கமா எரியும். பளீர் வெள்ளை சட்டைய டீ டிக்காஷன்ல ஊறவெச்சு காயப்போடுங்க. தொப்பி நிழல் கண்ணு மேல விழுந்தா வெளிச்சம் பட்டு மூஞ்சில திரும்பி விழற மாதிரி கீழருந்து ஒரு தெர்மாகோல் காட்டுங்க, அந்த நிழல டிஐல தூக்கினா புள்ளி புள்ளியா நாய்ஸ்தான் வரும்.

இன்னைக்கு ராத்திரியே உக்காந்து எல்லா ஷாட்டையும் மாத்தாதீங்க. ஹீரோ நிழல்ல நிக்கற க்ளோஸப் ஒண்ணு, வானம் நிறைய தெரியற வைட் ஒண்ணு, இந்த ரெண்ட மட்டும் பண்ணி ஃபோன்லயும் டிவிலயும் போட்டுப் பாருங்க, ரெண்டுலயும் மூஞ்சி மூஞ்சியா இருந்தா மத்ததுக்குப் போங்க.