கடைக்குப் பக்கத்தில் தெரியும் பாலம்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் ஆரையம்பதி. இப்போது கனடாவில் இருக்கிறேன். அப்பம்மாவின் பெட்டிக்குள் கிடந்த ஒரு படத்தை இத்துடன் அனுப்புகிறேன். அப்பப்பா குடும்பத்தோடு ஒரு சாப்பாட்டுக்கடைக்கு முன்னால் நிற்கிறார். கடைப் பலகையில் ‘...லாஸ்’ என்று கடைசி இரண்டு எழுத்துத்தான் தெரிகிறது. படம் 1954இல் எடுத்தது என்றும், அப்பப்பாவின் கையைப் பிடித்தபடி நிற்கும் சின்னப் பொடியன்தான் 1949இல் பிறந்த என் அப்பா என்றும் மாமி சொல்கிறா. அப்பாவும் இல்லை, 1957இல் பிறந்த சித்தப்பாவும் இல்லை, மாமியைத் தவிரக் கேட்பதற்கு ஆளில்லை. மட்டக்களப்பு டவுனில் இது எந்தக் கடை? ஊரில் விசாரித்தால் ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள்.

சு.

அன்புள்ள சு.,

கடையின் பேரைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். ‘லாஸ்’ என்று முடிந்தால் அது ஏதோ ஒரு விலாஸ். அந்தக் காலத்தில் விலாஸ் இல்லாத டவுன் எங்கே இருந்தது? அந்த இரண்டு எழுத்தைக் காட்டிக் கேட்டால் ஒவ்வொருவரும் தாங்கள் சாப்பிட்ட கடையைத்தான் சொல்வார்கள். முதலில் எந்த வருடம், எந்த இடம் என்று பார்ப்போம். அது தெரிந்தால் பேர் தானாக வரும்.

படத்தின் இடது பக்கத்தில் ஒரு காரின் பின்பாதி வந்திருக்கிறது. இலக்கத் தகட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் இருப்பது சிங்கள ஸ்ரீ. வாகனங்களுக்கு ஸ்ரீ இலக்கம் கொடுக்கத் தொடங்கியது 1957 தை மாதத்தில். வடக்குக் கிழக்கில் அதை எதிர்த்துப் போராட்டம் நடந்ததும், பலர் தமிழ் ‘ஸ்ரீ’ எழுதிக்கொண்டு வாகனம் ஓட்டியதும் உங்கள் மாமிக்கே நினைவிருக்கும். ஆக, 1954 சரிவராது.

இன்னொன்றும் இருக்கிறது. கடைச் சுவரில் பாதி கிழிந்த சினிமா நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருக்கிறது. ‘சமலர்’ என்ற எழுத்துகள் தெளிவாகவே தெரிகின்றன. பாசமலர் வந்தது 1961இல். பழைய படங்களை நம் தியேட்டர்களில் திரும்பத் திரும்பப் போடுவார்கள் என்பதால், அந்த நோட்டீஸ் அதற்குப் பிறகு எந்த வருடமும் ஒட்டியதாக இருக்கலாம். ஆனால் 1961க்கு முன்னால் ஒட்டியிருக்க வழியே இல்லை.

இப்போது அந்தச் சின்னப் பொடியனைப் பாருங்கள். நாலைந்து வயதுக்கு மேல் சொல்ல முடியாது. 1961இல் உங்கள் அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. அப்படியானால் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது உங்கள் சித்தப்பா. அப்பா எங்கே என்று கேட்பீர்கள். அப்பம்மாவுக்குப் பின்னால், தூணோடு ஒட்டிக்கொண்டு, முகம் பாதி மறைந்தபடி ஒரு பெடியன் நிற்கிறான். அரைக் காற்சட்டை, கையில் சுருட்டிப் பிடித்த ஒரு புத்தகமோ கொப்பியோ. அவனை மாமிக்குக் காட்டுங்கள். நீங்கள் கடையைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனால் எனக்கு இந்தப் படத்தில் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் இதுதான்.

சரி, இடத்துக்கு வருவோம். எல்லோரும் புளியந்தீவுக் கடைத்தெருவிலேயே தேடியிருக்கிறீர்கள். நான் அங்கே தேட மாட்டேன். வலது ஓரத்தில், கூரைக்குப் பக்கத்தில், குறுக்கும் நெடுக்குமாக இரும்புச் சட்டங்கள் தெரிகின்றன. அதற்குக் கீழே வெளிறிப்போய்க் கிடப்பது வெறும் வெளி இல்லை, வாவி. எனக்கு அது கல்லடிப் பாலம். 1924இல் திறந்த பழைய லேடி மன்னிங் பாலத்தைத்தான் சொல்கிறேன், 2013இல் பக்கத்தில் வந்த புதுப்பாலத்தை அல்ல. ஆரையம்பதியிலிருந்து டவுனுக்கு வருகிறவர்கள் அதைத் தாண்டித்தானே வரவேண்டும்? ஒடுங்கிய பாலம். எதிரே வாகனம் வந்தால் இந்தப் பக்கத்தில் காத்து நிற்க வேண்டும். வாகனம் காத்து நிற்கிற இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையும் ஒரு சாப்பாட்டுக்கடையும் தானாக முளைக்கும்.

கடையின் உள்பக்கத்தையும் பாருங்கள். வாசலில் கண்ணாடி அலுமாரி, மேல்தட்டில் வடைத் தட்டு, கொக்கியில் தொங்கும் வாழைக்குலை, அதற்குப் பின்னால் பளபளக்கும் பித்தளைப் பொயிலர். தோளில் துவாயோடு ஒருவர் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். படம் எடுக்கிறார்கள் என்று வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றிருக்கிறார். அப்பப்பா அந்தக் கடைக்குப் பழக்கமான ஆள் என்று அந்தச் சிரிப்பே சொல்கிறது. கடையின் பேரைக் கண்டுபிடிக்க இவர்தான் நல்ல வழி. கடைப் பலகையில் இருந்ததை மறந்துபோனவர்களுக்கும் தினமும் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தவரின் முகம் மறக்காது.

ஆகவே கல்லடியிலும் நொச்சிமுனையிலும் எழுபது, எண்பது வயது தாண்டியவர்களிடமும், அந்த வழியால் பஸ் ஓட்டிய ஓய்வுபெற்ற சாரதிகளிடமும் இந்த முகத்தைக் காட்டச் சொல்லுங்கள். “கடையின் பேர் என்ன?” என்று கேட்கவேண்டாம். “பாலத்தைத் தாண்டுமுன் எங்கே இறங்கிச் சாப்பிட்டீர்கள், பரிமாறியது யார்?” என்று கேட்கட்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளிக்கு முன்னால் என்று சேர்த்துச் சொன்னால் நம் ஊர்ச் சனங்களுக்கு வருடங்கள் சட்டென்று பிடிபடும். புயலுக்கு முன், புயலுக்குப் பின் என்றுதான் பலர் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

எழுத்தில் தேடவும் ஓர் இடம் உண்டு. அறுபதுகளில் வந்த பள்ளிக்கூட மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள். கட்டுரைகளை விடுங்கள், விளம்பரப் பக்கங்களைப் புரட்டுங்கள். சின்னச் சாப்பாட்டுக்கடைக்காரர்களும் ஒரு கால் பக்கத்துக்குக் காசு கொடுத்து, பேரும் தெருவும் போட்டு வாழ்த்துச் சொல்லியிருப்பார்கள். நூலகம் இணையத்தளத்தில் இப்படியான மலர்கள் நிறைய இருக்கின்றன. கனடாவில் இருந்தபடியே பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் அனுப்பியதில் படத்தின் வெள்ளைக் கரையை வெட்டியிருக்கிறீர்கள். கரையோடு சேர்த்து, பின்பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் ஸ்கான் பண்ணி அனுப்புங்கள். ஸ்ரூடியோ முத்திரையோ பென்சில் எழுத்தோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மாமியிடம் தூணடியில் நிற்கும் பெடியனைக் காட்டும்போது அவ என்ன சொன்னா என்பதையும் எழுதுங்கள்.