வாசகர் கேள்வி: கலங்கல் பியரும் சைவ மாமனாரும்

கேள்வி: வீட்டிலேயே பேல் ஏல் என்ற பியர் காய்ச்சுகிறேன். ருசி பிரமாதம், ஆனால் தெளியவே மாட்டேன் என்கிறது. கடையில் ஐசிங்கிளாஸ் போடச் சொன்னார்கள். அது மீனாமே! என் மாமனார் சுத்த சைவம். தேற்றாங்கொட்டை போடலாமா?
– ஒரு வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: சைவம், ஆனால் பியருக்குத் தடையில்லை! கொடுத்து வைத்த மருமகன் நீங்கள்.

ஆமாம், ஐசிங்கிளாஸ் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பதுதான். தெளிய வைக்கப் போடும் இன்னொன்றான ஜெலட்டினோ மாடு, பன்றியின் தோலும் எலும்பும். இரண்டிலும் நேர் மின்னூட்டம், ஈஸ்ட்டில் எதிர் மின்னூட்டம். ஒட்டிக்கொண்டு, கனத்து, அடியில் இறங்கிவிடும். ‘மீன் எல்லாம் வண்டலோடு போய்விடும்’ என்று சமாதானம் சொல்வார்கள். மாமனாரிடம் அது எடுபடாது, எடுபடவும் கூடாது. கின்னஸ் பியர்காரர்களே 2015-இல் அறிவித்துவிட்டு ஐசிங்கிளாஸைக் கைவிட்டார்கள்.

முதலில் எந்தக் கலங்கல் என்று பாருங்கள். ஃபிரிட்ஜில் மங்கலாக இருந்து, கிளாஸில் குளிர் விட்டதும் தெளிகிறதா? அது புரதமும், பாலிஃபீனால் என்ற தாவரப் பொருளும் செய்கிற வேலை. அடுத்த முறை கொதி முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது ஐரிஷ் மாஸ் போடுங்கள். அட்லாண்டிக் கரையில் விளையும் சிவப்புக் கடற்பாசி, 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போதும். கொதித்த வோர்ட்டை (ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய மால்ட் சாறு) சட்டென்று ஆற வையுங்கள்.

குளிர் விட்ட பிறகும் கலங்கலா? பெரும்பாலும் ஈஸ்ட்தான். அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டினால் நொதித்தல் முடிந்தது. அப்புறம் 2, 3 டிகிரியில் ஒரு வாரம் விடுங்கள். குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, ஏர்லாக்கில் (வாளி மூடியில் வாயு வெளியேறும் குழாய்) இருக்கும் தண்ணீரைப் பியருக்குள் இழுக்கும். ஏர்லாக்கில் கொதித்து ஆறிய தண்ணீர் கொஞ்சமாக இருக்கட்டும். எடுக்கும்போது வாளியை அசைக்காதீர்கள். வண்டல் எழும்பினால் பழையபடி காத்திருக்க வேண்டியதுதான். அவசரமென்றால் சிலிக்காவில் செய்த தெளிப்பான்கள் கிடைக்கும். பாக்கெட்டில் ‘வீகன்’ என்று இருக்கிறதா பாருங்கள்.

தேற்றாங்கொட்டை நம் ஊர்ச் சேற்றுத் தண்ணீருக்குச் சரி. பியரில் போட்டு மாமனாரிடமா சோதித்துப் பார்ப்பது?

கேள்வி: நானும் காய்ச்சலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கூடாது. பிரிட்டனில் 1963 முதல் வீட்டுக்குக் காய்ச்ச உரிமம் வேண்டாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டிலோ 1937 மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவதே குற்றம். பானகம் கரைத்துக் குடியுங்கள், தெளியவும் வேண்டியதில்லை.